பிசிஜிஎஸ், என்ஜிசி அல்லாத பழைய ஸ்லாபுகள்: லேபிளை எவ்வளவு நம்பலாம்?

உண்டியல்காசு

வணக்கம். ஒரு நாணய லாட் விலைக்கு வந்திருக்கிறது. அமெரிக்க வெள்ளி நான்கு, கனடா ஒன்று. பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு பெரிய தரக்கணிப்புக் கம்பெனிகளின் ஸ்லாபில் (நாணயத்தை அடைத்துத் தரம் எழுதிய பிளாஸ்டிக் பெட்டி) ஒன்றுகூட இல்லை. விவரம் (வருடத்தை ஒட்டி வரும் எழுத்து மின்ட் மார்க், அதாவது அச்சகக் குறி; எம்எஸ் புழங்காதது, ஏயூ ஏறக்குறைய புழங்காதது, ஜி நன்றாகத் தேய்ந்தது; எண் 70 வரை போகும்):

1881-எஸ் மார்கன் டாலர், அக்யூகிரேடு ஸ்லாப், எம்எஸ்-66
1889-சிசி மார்கன், பிசிஐ ஸ்லாப், சிவப்பு ஓர லேபிள், ஏயூ-50, ‘க்ளீன்டு’ (கழுவியது)
1885-ஓ மார்கன், ஸ்லாப் கிடையாது, 1981 தேதியிட்ட அனாக்ஸ் போட்டோ சான்றிதழ், எம்எஸ்-65/65
1916-டி மெர்க்குரி டைம் (10 சென்ட்), சின்ன வெள்ளை அனாக்ஸ் ஹோல்டர், கீறல் என்று குறிப்பு, நெட் ஜி-4
1948 கனடா டாலர், ஐசிசிஎஸ், மெல்லிய பிளாஸ்டிக் உறை, எம்எஸ்-62

லேபிளில் இருக்கும் தரத்துக்கு இன்றைய விலைப் பட்டியலில் என்ன போட்டிருக்கிறதோ, அதையே விற்பவர் கேட்கிறார். இந்தக் கம்பெனிகள் எப்போது வந்தவை, எவை இன்னும் இயங்குகின்றன, எத்தனை புள்ளி கழித்துப் பார்க்க வேண்டும்? வாங்கியபின் பிசிஜிஎஸ்ஸுக்கு அனுப்பி ஸ்லாப் மாற்றிக்கொள்ளலாமா?

---

பழஞ்செப்பு

நகைக்கு ஹால்மார்க் இருப்பதுபோல இதற்குப் பின்னால் அரசு முத்திரை எதுவும் கிடையாது. ஸ்லாப் லேபிளில் இருப்பது இரண்டே விஷயம்: ஒரு குறிப்பிட்ட வருடத்தில் சிலர் பார்த்துச் சொன்ன கருத்து, அந்தக் கருத்து தப்பாகப் போனால் பணம் தருகிறோம் என்ற உறுதி. கம்பெனி மூடினால் இரண்டாவது செத்துவிடும். முதலாவது மட்டும் மிஞ்சும், அதையும் வருடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். உங்கள் லாட்டில் இருக்கும் ஐந்துக்கும் ஒரே கழித்தல் கணக்கு போட முடியாததற்கு இதுதான் காரணம்.

அனாக்ஸிலிருந்து தொடங்கலாம். அது அமெரிக்க நாணயவியல் சங்கம் 1972-இல் வாஷிங்டனில் ஆரம்பித்த சான்றளிப்புப் பிரிவு. அன்றைய பிரச்சினை தரம் அல்ல, போலி. அச்சு வார்த்து அடித்த போலித் தங்க நாணயங்கள் 1960களிலும் 70களிலும் சந்தையில் குவிந்தன. 1907 ஹை ரிலீஃப் 20 டாலரில் கழுகின் நகத்துக்குள் நுண்ணிய ஒமேகா எழுத்தைப் பொறித்து வைத்த போலிக்காரரின் வேலை அந்தக் காலத்தது. எடை, தங்கம் எல்லாம் சரியாக இருக்கும், அந்த எழுத்து ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். ஆகவே ஆரம்பகால அனாக்ஸ் சான்றிதழில் ‘உண்மையான நாணயம்’ என்று மட்டும் இருக்கும், தரம் இருக்காது. அலுவலகம் 1976-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்குப் போனது. தரம் போடத் தொடங்கியது 1979 மார்ச்சில்.

அனாக்ஸின் முதல் இயக்குநர் சார்லஸ் ஹாஸ்கின்ஸ் பின்னால் இன்சாப் என்ற இன்னொரு அமைப்புக்குப் போனார். அதுவும் போட்டோ சான்றிதழ்தான். எப்போதாவது ஏலத்தில் வரும். டல்லாஸில் ஹெரிடேஜ் என்ற பெரிய வியாபார நிறுவனத்தோடு சேர்ந்து இயங்கிய என்சிஐ சான்றிதழ்கள் அதைவிட அதிகம் கிடைக்கும். விற்கிறவரே தரம் சொன்னால் எந்தப் பக்கம் சாயும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. என்சிஐ எண்ணை அந்தக் காலத்து அனாக்ஸ் எண்ணுக்குக்கூட சமமாக வைக்காதீர்கள்.

இப்போது உங்கள் 1885-ஓ. எம்எஸ்-65/65 என்று இரண்டு எண் இருப்பது முகப்புக்கு ஒன்று, பின்புறத்துக்கு ஒன்று. 1977-இல் சங்கம் வெளியிட்ட தர விதிகளில் புழங்காத நாணயத்துக்கு 60, 65, 70 என்று மூன்றே படிகள்தான் இருந்தன. 63, 67 பின்னால் சேர்ந்தன. 60 முதல் 70 வரை பதினோரு எண்ணும் நடைமுறைக்கு வந்தது 80களின் நடுவில். படி குறைவாக இருந்த காலத்தில், 60-க்கு நன்றாகவே மேலே இருக்கும் நாணயம் 65-க்குப் போய் ஒட்டிக்கொள்ளும். அதோடு 1986 வாக்கில் எல்லோருமே கையை இறுக்கினார்கள். அதனால் 1981-இல் நேர்மையாகப் போட்ட 65 இன்று 63 ஆக இருப்பது சகஜம், சிலது 62. ஏமாற்று இல்லை, அளவுகோல் மாறியது. அபூர்வமாக 65 ஆகவே நிற்பதும் உண்டு.

இந்த 70 எண்ணே ஒரு வினோதம். வில்லியம் ஷெல்டன் 1949-இல் பழைய அமெரிக்கப் பெரிய செப்பு சென்ட்டுகளுக்காகப் போட்ட விலைக் கணக்கு அது: அடையாளம் மட்டும் தெரிகிற நாணயம் 1 என்றால், குறையில்லாதது அதைப்போல 70 மடங்கு விலை. அந்த விலை விகிதம் சில வருடங்களிலேயே பொய்த்துப் போனது. எண் மட்டும் தங்கிவிட்டது.

போட்டோ சான்றிதழில் தரத்தைவிடப் பெரிய ஆபத்து ஆள்மாறாட்டம். காகிதம் தனி, நாணயம் தனி. நல்ல நாணயத்தை விற்றுவிட்டு, அதே வருடத்து மட்டமான ஒன்றை அந்தச் சான்றிதழோடு சேர்த்துவிட எந்தத் திறமையும் தேவையில்லை. பொருத்திப் பார்க்கும் முறை: கறுப்பு வெள்ளைப் படத்தை நல்ல ரெசல்யூஷனில் ஸ்கேன் செய்து பெரிதாக்குங்கள். அச்சிலேயே வந்த அடையாளங்களை (அச்சு விரிசல், மின்ட் மார்க்கின் சாய்வு) நம்பாதீர்கள், அதே அச்சில் அடித்த எல்லா நாணயத்திலும் அவை இருக்கும். அடித்து முடித்த பிறகு விழுந்த காயங்கள் வேண்டும்: கன்னத்தில் பை உரசல், வெற்றுப் பரப்பில் கீறல், விளிம்புப் பற்களில் வெட்டு. மூன்றாவது பொருந்தினால் நிறுத்திக்கொள்ளலாம். படத்தில் இல்லாத காயம் நாணயத்தில் இருந்தால் பின்னால் விழுந்திருக்கலாம். படத்தில் இருக்கும் காயம் நாணயத்தில் இல்லை என்றால் வாங்காதீர்கள். ஒன்று மாற்றியிருக்கிறார்கள், அல்லது உலோகத்தை நகர்த்திச் சரி செய்திருக்கிறார்கள். இல்லை என்று முடிவு கட்டுமுன் நாணயத்தை விளக்கடியில் முழு வட்டம் சுற்றிப் பாருங்கள். வெளிச்சம் ஒரு கோணத்தில் விழும்போது மட்டும் தெரிகிற கீறல்கள் உண்டு.

ஸ்லாப் இல்லாததில் ஒரு லாபமும் இருக்கிறது: எடை போடலாம். மார்கன் 26.73 கிராம், 38.1 மில்லிமீட்டர், 90 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. 0.01 கிராம் காட்டும் நகைக்கடைத் தராசில் ஒரு டம்ளர் வாலைவடிநீரை வைத்துப் பூஜ்யமாக்கி, மெல்லிய நூலில் நாணயத்தைக் கட்டி டம்ளரின் அடியில் படாமல் நீருக்குள் தொங்கவிட்டால் சுமார் 2.59 கிராம் காட்டும். 2.8, 2.9 என்று போனால் உள்ளே வெள்ளி இல்லை. எடுத்ததும் துணியால் தேய்க்கக் கூடாது, மெல்லிய துணிக்கு நடுவில் வைத்து ஒற்றி எடுங்கள். ஒரே ஒரு தேய்ப்பு போதும், எம்எஸ் நாணயம் ‘க்ளீன்டு’ ஆகிவிடும்.

ஸ்லாப் காலம் 1986 பிப்ரவரியில் பிசிஜிஎஸ்ஸோடு தொடங்குகிறது. அடுத்த வருடம் ஜான் அல்பனீஸ் என்ஜிசியைத் தொடங்கினார். அனாக்ஸ் 1989 வரை காகிதத்தைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு ஸ்லாபுக்கு வந்தது. மறு வருடமே சங்கம் அதை ஏமோஸ் பிரஸ் என்ற பதிப்பு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது, அனாக்ஸ் ஒஹாயோவுக்குப் போனது. பிறகும் கைமாறி, 2008 முதல் கொலராடோவின் எங்கிள்வுட்டில் இருக்கிறது. இன்றும் இயங்குகிறது, ஆனால் சங்கத்துக்கும் அதற்கும் இப்போது தொடர்பு இல்லை.

---

கார்சன்சிட்டி

பழஞ்செப்பு சொன்னதில் ஒரு திருத்தம். நாணயத்தைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தரம் போட்டு விற்றது 1984-லேயே அக்யூகிரேடு செய்துவிட்டது. பிசிஜிஎஸ் வருவதற்கு இரண்டு வருடம் முன்.

அப்படியென்றால் பிசிஜிஎஸ் ஏன் ஜெயித்தது? பிளாஸ்டிக் காரணம் இல்லை. பிசிஜிஎஸ் ஸ்லாபில் இருந்தால் நாணயத்தைக் கண்ணால் பார்க்காமலேயே வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு டீலர் கூட்டம் விலை போட்டு நின்றது. அதுதான் புதுசு. நாணயம் பங்குப் பத்திரம் மாதிரி கைமாற ஆரம்பித்தது. கிடர் பீபாடி, மெரில் லிஞ்ச் போன்ற வால் ஸ்ட்ரீட் பெயர்களே நாணய ஃபண்டுகளோடு வந்தன. 1989-இல் விலை உச்சிக்குப் போய், 1990-இல் தலைகீழாக விழுந்தது. தரக்கணிப்பு புறவயமானது, மாறாதது என்று விளம்பரம் செய்ததற்காக அமெரிக்க வர்த்தக ஆணையம் 1990-இல் பிசிஜிஎஸ் மேலேயே நடவடிக்கை எடுத்து, சமரசத்தில் முடித்தது. பெரிய கம்பெனி என்றால் அப்பழுக்கற்றது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அந்த நாலைந்து வருடத்தில்தான் சின்னக் கம்பெனிகள் புற்றீசல் மாதிரி வந்தன. பிளாஸ்டிக் அச்சும் ஒட்டும் மெஷினும் இருந்தால் போதும், யாரும் உரிமம் கேட்கப் போவதில்லை. வேடிக்கையானது கம்ப்யூகிரேடு: கம்ப்யூட்டரே தரம் போடும் என்று சொல்லி 64.3 என்று தசமத்தில் எண் கொடுத்தார்கள். பிசிஜிஎஸ்ஸும் 1990 வாக்கில் ‘எக்ஸ்பர்ட்’ என்ற பெயரில் மார்கனுக்குக் கம்ப்யூட்டர் தரம் போட்டுப் பார்த்துக் கைவிட்டது. இரண்டு ஸ்லாபும் இன்று அபூர்வம். உள்ளே இருக்கும் நாணயத்தைவிடப் பெட்டிக்கு அதிக விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். உடைத்துவிடாதீர்கள்.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன்.

அக்யூகிரேடு எம்எஸ்-66 என்பதை 66 என்று படிக்கவே கூடாது. சந்தை அதை இரண்டு, மூன்று புள்ளி குறைத்துத்தான் பார்க்கும். சில சமயம் எம்எஸ் என்ற சொல்லையே சந்தேகிக்க வேண்டும், ஏயூ-58 அங்கே எம்எஸ் ஆகியிருக்கும். லேபிளை ஒரு ஸ்டிக்கர் போட்டு மறையுங்கள். ட்யூப்லைட்டில் பார்க்காமல் பழைய குண்டு பல்பு டேபிள் லாம்ப்பில் பாருங்கள். மார்கனில் முதலில் கன்னம், பிறகு முகத்துக்கு முன்னால் இருக்கும் வெற்றுப் பரப்பு. இந்த இரண்டிலும் கண்ணில் குத்துகிற காயம் ஒன்று இருந்தாலே 65-க்கு மேல் பேச்சில்லை. பிறகு காதுக்கு மேல் இருக்கும் முடி, பின்புறத்தில் கழுகின் மார்பு. நாணயத்தைச் சாய்க்கும்போது வெள்ளி மினுக்கம் சக்கரம் மாதிரி சுற்ற வேண்டும். முடியின் மேட்டில் அந்தச் சுழல் அறுந்து மங்கலான சாம்பல் திட்டு தெரிந்தால் அது தேய்மானம். விவரம் தட்டையாக இருந்தும் மினுக்கம் அறாமல் ஓடினால் அது அடியின் பலவீனம், தேய்மானம் இல்லை. நியூ ஆர்லியன்ஸ் (ஓ) நாணயங்களில் இது சகஜம். ஆனால் 1881-எஸ் சான்பிரான்சிஸ்கோ, பொதுவாகக் கூர்மையாக அடித்த வருடம். அதில் முடி தட்டையாக இருந்தால் ‘அடி பலவீனம்’ என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். 1881-எஸ் உயர்ந்த தரத்திலும் தாராளமாகக் கிடைக்கும் நாணயம் என்பதையும் மறக்க வேண்டாம். பெரிய கம்பெனி ஸ்லாபில் 65 எளிதாகக் கிடைக்கும்போது இதற்கு ஏன் அலைய வேண்டும்?

பிசிஐ வேறு கதை. டென்னஸியில் சட்டனூகா. தொடங்கியது 1986-இல், அதுவும் போட்டோ சான்றிதழில். ஸ்லாபுக்கு வந்தபின், குறையில்லாத நாணயத்துக்குப் பச்சை ஓர லேபிள், கழுவியது, கீறியது போன்றவற்றுக்குச் சிவப்பு ஓரம் என்று பிரித்தார்கள். ஆரம்பப் பச்சை ஓரத்தில் பெரும்பாலும் நியாயமான தரம் இருக்கும். கை மாறி மாறி வந்த பிறகு கணிப்பு தளர்ந்தது. கடைசியில் வர்ஜீனியாவில் டொமினியன் கிரேடிங் சர்வீஸ் என்ற பெயரில் 2008 வாக்கில் மறுபிறவி எடுத்து, அதுவும் நின்றுவிட்டது. பழைய பிசிஐ ஸ்லாபுக்குள் வெள்ளி பலவண்ணமாக டோன் ஆவதும் தெரிந்த விஷயம். ஸ்லாப் காற்றுப் புகாத பெட்டி இல்லை.

அதே சட்டனூகாவில் 1998-இல் எஸ்இஜிஎஸ் வந்தது. அச்சு வேறுபாடுகளைச் சரியாக அடையாளம் கண்டு லேபிளில் போடுவதில் அவர்களுக்கு நல்ல பெயர், தரத்தைவிட அதற்காகவே அந்த ஸ்லாபைத் தேடுபவர்கள் உண்டு. அதே 1998-இல் எங்கிள்வுட்டில் அனாக்ஸிலிருந்து வந்த ஆட்கள் தொடங்கியது ஐசிஜி. இப்போது ஃபுளோரிடாவில் டாம்பா. இதுவும் உயிரோடு இருக்கிறது. பழைய நாணயத்தில் பரவாயில்லை, நவீன நாணயத்தில் 70 எண்ணைத் தாராளமாகக் கொடுப்பதாகச் சந்தை நினைக்கிறது, விலையும் அப்படித்தான்.

உங்கள் சிவப்பு ஓர 1889-சிசியை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். மொத்தம் அடித்ததே 3,50,000. கழுவியதாக இருந்தாலும் உண்மையான நாணயம் என்றால் நல்ல பணம். சிவப்பு லேபிள் குறையைத் தானே சொல்லிவிட்டது என்பது ஒரு நிம்மதி. சந்தேகப்பட வேண்டியது மின்ட் மார்க்கை. பிலடெல்பியாவில் அடித்த சாதாரண 1889-இன் பின்புறத்தில் சிசி ஒட்ட வைப்பது பழைய வித்தை. 10 மடங்கு லென்ஸில் ஸ்லாப் வழியாகவே எழுத்தின் அடியைப் பாருங்கள். பரப்பிலிருந்து எழுத்து வளைந்து எழ வேண்டும், மினுக்கம் எழுத்தின் அடிவரை போய்த் தொட வேண்டும். அடியில் கோடு மாதிரி தையலோ, எழுத்தைச் சுற்றி மட்டும் வேறு நிறமோ, பாலிஷோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். அங்கே ‘உண்மை’ என்று சொன்ன கம்பெனி இன்று நஷ்டஈடு தர இல்லை.

---

உண்டியல்காசு

நன்றி, நிறைய தெளிந்தது. போட்டோ சான்றிதழில் காது ஓரத்தில் ஒரு கீறல் தெரிகிறது, ஒப்பிட்டுப் பார்க்கிறேன். மெர்க்குரி டைம், கனடா டாலர் இரண்டையும் யாரும் தொடவில்லையே? ஐசிசிஎஸ் உறை மெத்தென்று இருக்கிறது, பார்த்தால் விலை உயர்ந்த நாணயத்தை வைக்கிற இடம் மாதிரியே இல்லை.

---

மேப்பிள்இலை

கனடாக்காரர்கள் விஷயத்தில் உறையைப் பார்த்து எடை போடாதீர்கள். ஐசிசிஎஸ் 1986-இல் டொரண்டோவில் தொடங்கியது. அமெரிக்காவில் எல்லோரும் கெட்டிப் பெட்டிக்குப் போனபோது இவர்கள் இரட்டைப் பை வினைல் உறையிலேயே நின்றார்கள்: ஒரு பையில் நாணயம், இன்னொன்றில் தரம் எழுதிய அட்டை. கனடா டீலர்கள் அந்த அட்டையை மதிக்கிறார்கள், கனடா நாணயத்துக்கு அமெரிக்கக் கம்பெனி எண்ணைவிட ஒரு படி கறாராகவே படிக்கிறார்கள். ஆகவே இங்கே கழித்தல் கணக்கு இல்லை. ஐசிசிஎஸ் எம்எஸ்-62 என்றால் 62 என்றே பேசலாம்.

பலவீனம் உறையில்தான். பழஞ்செப்பு சொன்ன ஆள்மாறாட்ட அபாயம் இதற்கும் பொருந்தும். எடை 23.3 கிராம், விட்டம் 36 மில்லிமீட்டர், 80 சதவீதம் வெள்ளி. உறையோடு போட்டால் கணக்கு தப்பும், விற்பவர் முன்னால் வெளியே எடுத்துப் போட ஒப்புக்கொள்கிறாரா பாருங்கள். 1948 டாலருக்கு நவீனப் போலிகள் நிறைய. அடுத்து, மென்மையான வினைல் எதுவானாலும் வருடக்கணக்கில் வைத்தால் அதில் சேர்த்த மென்மையாக்கி கசிந்து நாணயத்தில் பச்சைப் பசையாகப் படியக்கூடும். எழுத்துகளின் ஓரங்களில் தேடுங்கள். இருந்தால் சுத்தமான அசிட்டோனில், கண்ணாடிக் கிண்ணத்தில், சில நிமிடம் ஊற வைத்து, புது அசிட்டோனில் ஒரு முறை அலசி, தானாக உலர விடுங்கள். பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம், கரைந்து நாணயத்திலேயே ஒட்டும். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்படியில் செய்யாதீர்கள். பச்சைக்குக் கீழே உலோகமே அரித்திருந்தால் அசிட்டோனால் அதை மீட்க முடியாது.

இந்த 1948 ஏன் அபூர்வம் என்பதில் நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. ஆறாம் ஜார்ஜின் பட்டத்தில் ‘இந்தியப் பேரரசர்’ என்பதும் நாணயத்தில் சுருக்கமாக இருந்தது. 1947-இல் இந்தியா விடுதலை பெற்றதும் அதை எடுத்துவிட்டுப் புது அச்சு செய்ய வேண்டியதாயிற்று. லண்டனிலிருந்து புது அச்சு வரும்வரை, 1948-இலும் பழைய 1947 அச்சிலேயே தேதிக்குப் பக்கத்தில் சின்ன மேப்பிள் இலை ஒன்றைச் சேர்த்து அடித்தார்கள். 1948 என்று தேதி போட்ட டாலர் வெறும் 18,780. உங்கள் நாணயத்தின் முகப்பில் அந்தப் பட்டச் சுருக்கம் இருந்தால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை, போலி.

வேறு நாட்டு ஸ்லாப் வந்தால் ஒரு எச்சரிக்கை: இங்கிலாந்தின் சிஜிஎஸ் என்ற கம்பெனியின் ஸ்லாபில் இருக்கும் எண் 70-க்கு அல்ல, 100-க்கு. அங்கே 65 என்று பார்த்துவிட்டு எம்எஸ்-65 என்று விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

---

கார்சன்சிட்டி

டைமை மறந்துவிட்டேன். 1916-டி மொத்தம் 2,64,000தான், அமெரிக்க நாணயத்தில் மிக அதிகமாகப் போலி செய்யப்பட்டவற்றில் ஒன்று. டி எழுத்தை ஒட்டுவது, அல்லது வேறு மின்ட் மார்க்கைச் செதுக்குவது. ஜி-4 என்றால் நாணயமே தேய்ந்திருக்கும். எழுத்து மட்டும் புதிதாகக் கூர்மையாக நின்றால் அதுவே பதில்.

ஆனால் அந்தச் சின்ன வெள்ளை ஹோல்டர் நல்ல அறிகுறி. பிசிஜிஎஸ் நீண்ட காலம் குறையுள்ள நாணயத்தை ஸ்லாபில் போடவே மறுத்தது, வெறும் பையில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் கழுவிய, கீறிய, வளைந்த அபூர்வ வருட நாணயங்கள் எல்லாம் அனாக்ஸுக்குப் போயின. அனாக்ஸ் ‘விவரம் இந்தத் தரம், குறை இது, கழித்துப் பார்த்தால் இந்தத் தரம்’ என்று நெட் எண் போட்டுக் கொடுத்தது. விலை போட வசதியானது: நெட் எண்ணுக்கு விலை, அதிலும் கொஞ்சம் பேரம். போலியைக் கண்டுபிடிப்பதில் அனாக்ஸுக்கு 1972-லிருந்து பழக்கம். இந்த லாட்டில் நான் லேபிளை அதிகம் நம்புவது இதைத்தான்.

---

ஓரப்பல்

அனுப்பி மாற்றுவது பற்றிய கேள்விக்குப் பதில் வரவில்லை.

இரண்டு வழி. ஸ்லாபோடு அப்படியே அனுப்பி, ‘இந்தத் தரத்துக்குக் குறைந்தால் மாற்ற வேண்டாம்’ என்று குறைந்தபட்ச எண் எழுதலாம். அமெரிக்காவில் இதற்கு கிராஸ்ஓவர் என்று பெயர். எண் கிடைக்காவிட்டால் பழைய ஸ்லாபிலேயே திரும்பி வரும், கட்டணம் போனது போனதுதான். எந்தெந்த கம்பெனி ஸ்லாபை ஏற்பார்கள் என்பது மாறிக்கொண்டே இருக்கும், படிவத்தில் முதலில் அதைப் பாருங்கள். மூடிப்போன கம்பெனி என்றால் பெரும்பாலும் உடைத்து வெறும் நாணயமாக அனுப்ப வேண்டிவரும்.

உடைப்பது: கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடித்த கையுறை. முதலில் லேபிளோடு இரண்டு பக்கமும் போட்டோ. ஸ்லாபைத் தடித்த துண்டில் சுற்றி, நாணயத்துக்குத் தூரமான மூலையைக் கட்டிங் பிளேயரால் கடியுங்கள். நான்கு மூலையும் கடித்தபின் இடுக்கில் தட்டை ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பாமல் திருகினால் இரண்டாகப் பிளக்கும். சுத்தியலால் நடுவில் அடிப்பவர்கள் சில்லு பிளாஸ்டிக்கால் கன்னத்தில் கோடு போட்டு 65-ஐ 62 ஆக்கிக்கொள்கிறார்கள். உள்ளே வெள்ளை வளையம் இருந்தால் நாணயம் அதில் தங்கும். வளையம் இல்லாத பழைய ஸ்லாபில் பிளந்ததும் குதிக்கும், கீழே மெத்தை விரியுங்கள். விளிம்பை மட்டும் பிடித்து எடுத்து, லேபிளை நாணயத்தோடு பத்திரப்படுத்துங்கள்.

உங்கள் லாட்டில் எதை உடைக்கலாம்? அக்யூகிரேடு 1881-எஸ்ஸை, கட்டணம் கட்டுப்படியானால். நாணயம் 63 என்று வந்தால் கட்டணமும் தபாலும் சேர்ந்து நாணய விலையைத் தொட்டுவிடும், எனக்கு வேண்டாத வேலையாகத் தெரிகிறது. 1889-சிசியை அனுப்புவதில் அர்த்தம் இருக்கிறது, இன்று பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டுமே குறையுள்ள நாணயத்தை ‘டீடெய்ல்ஸ்’ என்று போட்டுத் தருகின்றன. ‘உண்மை’ என்ற உறுதி கிடைத்தாலே விலை நிற்கும். டைம் அனாக்ஸிலேயே இருக்கட்டும். ஐசிசிஎஸ் உறையை, கனடாவில் விற்பதானால் தொடாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு தடை. நீங்கள் இந்தியாவிலிருந்து எழுதுகிறீர்கள் என்றால் 1972-ஆம் வருடத் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டத்தைப் படியுங்கள். நூறு வருடம் கடந்த நாணயம் தொல்பொருள், தனிநபர் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. எந்த நாட்டு அச்சகத்தில் அடித்தது என்று வரையறை பிரிக்கவில்லை. மார்கன் மூன்றும், 1916 டைமும் அதற்குள் வந்துவிடும். தரம் பார்த்துத் திரும்பி வரும் பார்சல்தானே என்று சுங்கத்தில் வாதம் செய்ய முடியாது. 1948 கனடா டாலருக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஆனாலும் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று கேட்கப்படலாம்.

---

உண்டியல்காசு

சென்னைதான். அப்படியானால் அனுப்பும் கணக்கே கிடையாது, இங்கேயே பார்த்து முடிவு செய்ய வேண்டியதுதான். ஸ்லாபை உடைக்காமல் உலோகத்தைச் சோதிக்க வழி உண்டா?

---

பழஞ்செப்பு

சிக்மா மெட்டலிட்டிக்ஸ் என்று ஒரு கருவி, பிளாஸ்டிக் வழியாகவே மின்கடத்துதிறன் பார்த்து 90 சதவீத வெள்ளியா என்று சொல்லும். பெரிய பொன், வெள்ளி வியாபாரிகளிடம் இருக்கலாம். இல்லையென்றால் வலுவான நியோடிமியம் காந்தம்: ஸ்லாபைச் சாய்த்து மேலே வழுக்கவிட்டால் ஒட்டவே கூடாது. ஒட்டினால் இரும்பு, பேச்சு முடிந்தது. ஒட்டாததால் வெள்ளி என்று ஆகாது, பித்தளையும் ஒட்டாது. ஒட்டிய மின்ட் மார்க்கை இரண்டுமே பிடிக்காது, 1889-சிசியில் உடல் முழுக்க உண்மையான மார்கனாகவே இருக்கும். அதற்கு லென்ஸும் உங்கள் கண்ணும்தான். படம் எடுக்க முடிந்தால் பின்புறத்தில் மாலைக்குக் கீழே, சிசி மட்டும் தெரியும்படி, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.